டானி ஹாத்தவேயின் ‘லைவ்’ ஆல்பத்தைக் கேட்பது எப்படி

1972-ல் அட்கோ இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட, அமெரிக்கப் பாடகர் டானி ஹாத்தவேயின் ‘லைவ்’ ஆல்பத்தில் எட்டே பாட்டு, மொத்தம் 52 நிமிடம் சொச்சம். எல்பி இசைத்தட்டின் முதல் பக்கம் ஹாலிவுட் பக்கத்து ‘ட்ரூபடூர்’ கிளப்பில் பதிவானது. இரண்டாம் பக்கம் நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் இருக்கும் ‘பிட்டர் எண்ட்’ கிளப்பில். இரண்டும் சில நூறு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன இடங்கள். பதிவான ஆண்டு 1971. எட்டில் மூன்று பாட்டு மற்றவர்கள் ஏற்கெனவே பாடி வெளியிட்டவை: மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, கேரல் கிங்கின் ‘யூவ் காட் எ ஃப்ரெண்ட்’, ஜான் லெனனின் ‘ஜெலஸ் கை’. மூன்றும் அதே ஆண்டு கடைக்கு வந்தவை. ஆக, கிளப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவை சுடச்சுடத் தெரிந்த பாட்டுகள்.

கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த சோல் இசையைக் கேட்பவர்களிடம் நல்ல நேரடிப் பதிவு எதுவென்று கேட்டால் இந்தத் தட்டின் பெயர் தவறாமல் வரும். பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு இது பாடப்புத்தகம் மாதிரி. ஆனால் போன் ஸ்பீக்கரில் முதல்முறை போட்டுப் பார்ப்பவருக்கு ஒரே சலசலப்பு, கைத்தட்டல், பன்னிரண்டு நிமிடம் திரும்பத் திரும்ப வரும் ஒரே அடி என்றுதான் தோன்றும். அவர் காது மேல் குற்றமில்லை. இந்தப் பதிவின் உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது: அடிமட்ட ஸ்வரங்களில் ஓடும் பேஸிலும், அந்த அறையில் இருந்த ஜனங்களிலும். மோசமான கருவியில் முதலில் காணாமல் போவது இந்த இரண்டும்தான். அதனால் கருவியிலிருந்தே தொடங்குவோம்.

எந்தப் பதிப்பு

ஹாத்தவே பெயரில் நேரடிப் பதிவுகள் பல இருக்கின்றன. உயிரோடு இருந்தபோது வந்தது இந்த ஒன்றுதான். 1979-ல் 33 வயதில் அவர் இறந்தபின் 1980-ல் ‘இன் பெர்ஃபார்மன்ஸ்’ வந்தது. 2004-ல் ‘தீஸ் சாங்ஸ் ஃபார் யூ, லைவ்’ என்ற தொகுப்பு வந்தது. அந்தத் தொகுப்பு நல்ல சரக்குதான், ஆனால் அதில் பாட்டுகள் பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்கப்பட்டவை. முதலில் அதைக் கேட்டால் ஒரே அறையில் ஒரே இரவு உட்கார்ந்திருக்கும் உணர்வு கிடைக்காது. செயலியில் தேடும்போது எட்டுப் பாட்டு இருக்கிறதா, முதல் பாட்டு ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, கடைசிப் பாட்டு ‘வாய்சஸ் இன்சைட்’ என்று இருக்கிறதா, கடைசிப் பாட்டு 13 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறதா என்று பாருங்கள். அது நாலைந்து நிமிடத்தில் முடிந்தால் நீங்கள் எடுத்தது வேறு ஏதோ.

யூடியூபில் தனித்தனிப் பாட்டாகக் கேட்பது வேண்டாம். பேஸ் தனியின் நடுவில் விளம்பரம் புகுந்தால் அதோடு அந்த இரவு முடிந்தது.

செயலியில் அணைக்க வேண்டியவை

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எதுவானாலும் கேட்கும் முன் அமைப்புகளுக்குள் போய் நான்கைந்தை அணைக்க வேண்டும். முதலில் கிராஸ்ஃபேட். ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு கலப்பதுதான் அதன் வேலை. நேரடிப் பதிவில் பாட்டு முடிந்தபின் வரும் ஆரவாரமும், அது அடங்கி அடுத்த பாட்டுக்கு அறை தயாராவதும் இசையின் பகுதி. கிராஸ்ஃபேட் அதைத்தான் தின்றுவிடும். அதோடு ஷஃபிளையும் நிறுத்துங்கள். இடைவெளியில்லாமல் ஓடவிடும் ‘கேப்லெஸ்’ மட்டும் இயங்கட்டும்.

அடுத்து ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி. ஸ்பாட்டிஃபையில் அது நார்மலைசேஷன், ஆப்பிளில் சவுண்ட் செக். பாட்டுக்குப் பாட்டு அளவை மாற்றினால் மெதுவான ‘வி ஆர் ஸ்டில் ஃப்ரெண்ட்ஸ்’ பாட்டும் ஆட்டம் போடும் ‘த கெட்டோ’வும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும்.

நிறையப் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. பல போன்களில் ஹெட்போன் மாட்டியதும் டால்பி அட்மாஸ் அல்லது ‘3டி சவுண்ட்’ மாதிரி ஏதாவது தானாகவே இயங்கும். ஸ்டீரியோ பதிவைச் செயற்கையாக அகலப்படுத்துவது அதன் வேலை. கூட்டத்தின் குரல் நுரைபோல எல்லாப் பக்கமும் பரவி, யார் எங்கிருந்து கத்தினார்கள் என்பதே தெரியாமல் போகும். அதையும் அணையுங்கள். கீழ் ஒலிகளையும் மேல் ஒலிகளையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரைச் சமமாக வையுங்கள். அதற்கு வேலை பிற்பாடு வரும்.

ஹெட்போன், ஸ்பீக்கர்

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித் தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். போன் ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கமே போகத் தெரியாது. உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கர்கள் 80 ஹெர்ட்ஸ் அருகிலேயே இறங்கத் தொடங்கிவிடும். அந்த ஸ்வரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல் ஸ்வரங்களை வைத்து மூளை ஏதோ ஒன்றை ஊகித்துக்கொள்ளும். பேஸ் ‘இருக்கிறது’ என்று தெரியும், அது எவ்வளவு நேரம் நின்றது, எங்கே வெட்டி நிறுத்தப்பட்டது என்பது தெரியாது. இந்தப் பதிவில் அதுதான் விஷயமே.

காதை முழுக்க மூடும் சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். காதுக்குள் செருகுவதென்றால் ரப்பர் முனை இறுக்கமாக உட்கார வேண்டும். காற்றுக் கசிவு கொஞ்சம் இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். முனையை லேசாக அழுத்திப் பாருங்கள். பேஸ் திடீரென்று ஏறினால் அடுத்த அளவு முனைக்கு மாறுங்கள்.

ஸ்பீக்கரில் கேட்பவர்கள் இரண்டு ஸ்பீக்கரும் உட்காரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமையும்படி வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர் இருந்தால் நல்லது. பின்சுவரிலிருந்து 30 முதல் 60 செ.மீ. முன்னால் இழுத்து வையுங்கள். மூலையில் ஒட்டிவைத்தால் பேஸ் அதிகமாகும், ஆனால் எல்லா ஸ்வரமும் ‘பூம்’ என்ற ஒரே சத்தமாகிவிடும். நம் வீடுகளில் சிமென்ட் சுவரும் மொசைக், டைல்ஸ் தரையும் சேர்ந்து இன்னொரு சிக்கலைக் கொடுக்கும். அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ‘ட்ர்ர்’ என்று எதிரொலித்தால் கைத்தட்டல் நிறைந்த இந்தப் பதிவு அங்கே சகிக்காது. தரையில் ஜமக்காளம் விரித்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒரு பக்கச் சுவரோரம் புத்தக அலமாரியோ மெத்தையோ இருக்கும்படி செய்தாலே பாதிக்குமேல் குறையும்.

சத்தம் எவ்வளவு? உட்காரும் இடத்தில் 75 முதல் 80 டெசிபல். போனில் இலவச அளவுமானி செயலியே இதற்குப் போதும். செயலி இல்லையென்றால், பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் குரலை உயர்த்தினால்தான் கேட்கும் என்ற அளவு. இதைவிட மிகவும் குறைத்தால் காதுக்கே பேஸ் கேட்கும் திறன் இறங்கிவிடும்; அது மனிதக் காதின் இயல்பு.

எல்பியில் கேட்பவர்களுக்கு

இந்தத் தட்டில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 26 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் என்றால் வசதியாக வெட்டலாம். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி, அளவைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். அதனால் மற்றத் தட்டுகளைவிட இதில் ஒலி கொஞ்சம் சன்னமாக இருக்கும், தூசியின் சடசடப்பு கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். பழுது என்று நினைத்து ஊசியை மாற்றிவிடாதீர்கள். தட்டை முதலில் கழுவுங்கள்.

பெரிய சிக்கல் கடைசிப் பாட்டில். 33⅓ சுழற்சியில் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. வேகத்தில் ஓடும். உள்வட்டத்தில் அது 20 செ.மீ. சொச்சமாகக் குறையும். அதே தகவலைக் குறைந்த நீளத்தில் அடைப்பதால் சிம்பலும் குரலின் ‘ஸ’ ஒலிகளும் கரகரக்கும். இந்தத் தட்டின் மணிமகுடமான பேஸ் தனி இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில், அதுவும் அதன் பிற்பாதியில் வருகிறது. அதாவது சரியாக அந்த மோசமான இடத்தில்.

ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் புரோட்ராக்டர் என்ற கோணமானி வைத்துச் சரிபாருங்கள். ஊசியின் எடையைக் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குத் தராசில் நிறுத்துங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம். தட்டு கெட்டுப்போகும் என்று பயந்து எடையைக் குறைப்பவர்கள் உண்டு. அது தலைகீழ் வேலை: எடை போதாத ஊசி பள்ளத்துக்குள் தாவித் தாவி விழுந்து சுவரைச் சிதைக்கும்.

முதல் முறை

ஒரு பக்கத்தை முழுதாகக் கேளுங்கள். குறிப்பெடுக்க வேண்டாம், சொற்களைத் தேடிப் படிக்க வேண்டாம். முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு இரண்டாம் பக்கத்தை மறுநாள் எடுத்தாலும் சரி. 52 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் கடைசிப் பாட்டு வரும்போது காது களைத்திருக்கும்.

நமக்குக் குரலையும் பாடல் வரியையும் பிடித்துக்கொண்டு கேட்டுத்தான் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு ‘த கெட்டோ’வுக்குள் போனால் ஏமாற்றம்தான். பன்னிரண்டு நிமிடத்தில் வரி என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. அதில் பாடுவது மின்பியானோவும் எர்ல் டெரூவன் கையால் தட்டும் காங்கா மேளமும். 1970-ல் வந்த ஸ்டுடியோ வடிவத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளம். அந்தக் கூடுதல் நேரம் எங்கே போனது என்று பார்ப்பதே நல்ல பயிற்சி: பியானோவுக்குக் கொஞ்சம், காங்காவுக்குக் கொஞ்சம், மீதி ஜனங்களுக்கு.

கை தட்டுவது

நான்கு எண்ணிக்கை. ஒன்றிலும் மூன்றிலும் கால், இரண்டிலும் நான்கிலும் கை. ஆதி தாளத்தில் முதல் எண்ணிக்கையில் தட்டிப் பழகிய கைக்கு இது முதலில் முரண்டுபிடிக்கும். நம் ஊர்க் கச்சேரிக் கூட்டமும் ஒன்று, மூன்றில்தான் தட்டும். சோல் இசையில் அப்படித் தட்டினால் பாட்டு அணிவகுப்பு மாதிரி விறைத்துவிடும்.

பழகுவதற்கு ‘வாய்சஸ் இன்சைட்’ எடுங்கள். டிரம்ஸில் ‘டப்’ என்று வெடிப்பாக விழும் ஸ்னேரைப் பிடியுங்கள். அது விழும் இடம் இரண்டும் நான்கும். முதல் ஒரு நிமிடம் கால் மட்டும், பிறகு கையைச் சேருங்கள். நடுவில் தடுமாறினால் எண்ணிப் பிடிக்க முயலாமல் கையை நிறுத்தி, அடுத்த ஸ்னேருக்குக் காத்திருந்து நுழையுங்கள். இந்த ஸ்னேரை அடிப்பவர் ஃப்ரெட் ஒயிட், அப்போது அவருக்கு வயது 16. பின்னாளில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவில் வாசித்தவர். பதிமூன்று நிமிடம் ஆட்டம் காணாமல், வேகம் கூட்டாமல், தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறார். பதினாறு வயதில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

பேஸைப் பிரித்தெடுப்பது

இப்போது ஈக்வலைசரைத் திறங்கள். 400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லாவற்றையும் முடிந்தவரை கீழே இழுங்கள். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகும். பரவாயில்லை. மிஞ்சுவதில் வில்லி வீக்ஸின் பேஸும் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும்தான் முன்னால் நிற்கும். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டை இப்படி ஒருமுறை கேளுங்கள். பேஸ் நகரும் வழி மனதில் பதிந்ததும் ஈக்வலைசரைச் சமமாக்கி மீண்டும் கேளுங்கள். முன்பு கேட்காத ஒன்று இப்போது தானாகவே கேட்கும்.

பிறகு ‘வாய்சஸ் இன்சைட்’. கிட்டார்கள் முதலில் தனி வாசிக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் இருப்பவர்கள் மைக் ஹவர்டும் கார்னெல் டுப்ரீயும். அதற்குப் பின் ஹாத்தவே பெயர் சொல்லி அறிமுகம் செய்ய, வீக்ஸின் முறை வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது எத்தனை ஸ்வரம் வாசிக்கிறார் என்பதை அல்ல, எங்கெல்லாம் கை வைக்காமல் விடுகிறார் என்பதை. எடுத்த எடுப்பில் அடித்தளத்தைக் கைவிட்டு ஓடுவதில்லை. தாளத்தை ஓட்டிக்கொண்டே நடுவில் ஒரு சிறு சொற்கட்டை வைக்கிறார், நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் கூட்டத்திலிருந்து ஒரு கூச்சல் வருகிறது. அடுத்ததை அந்தக் கூச்சலுக்குப் பதிலாக வைக்கிறார். நான்கைந்து முறை கேட்டபின் கூச்சலை எதிர்பார்க்கத் தொடங்குவீர்கள்.

பேஸ் வாசிப்பவர்கள் இதைக் கற்கும்போது 10 முதல் 15 நொடித் துண்டாக வெட்டி, சுருதி மாறாமல் வேகத்தை 70 அல்லது 75 சதவீதத்துக்குக் குறைத்துத் திரும்ப ஓடவிடுங்கள். முதலில் வாயால் பாடுங்கள், அப்புறம் கருவியைத் தொடுங்கள். எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும், இணையத்தில் கிடைக்கும் டேப் குறிப்புகளில் ஸ்வரம் பெரும்பாலும் சரியாக இருந்தாலும் அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இருக்காது. அதைப் பார்த்து வாசித்தால் ஸ்வரமெல்லாம் வரும், ஆட்டம் வராது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் எந்த விரல் எப்போது அமர்த்துகிறது என்பதைப் பிடித்தபின்தான் வேகத்தை ஐந்து ஐந்து சதவீதமாக ஏற்ற வேண்டும்.

ஜனங்களைக் கேட்பது

‘யூவ் காட் எ ஃப்ரெண்ட்’ பாட்டுக்கு ஹெட்போன் கட்டாயம். பாட்டு இன்னதென்று பிடிபட்ட கணத்தில் எழும் கூச்சலைக் கேளுங்கள். பிறகு பல்லவி வரும்போது கூட்டம் முழுக்கப் பாடுகிறது, ஹாத்தவே ஒதுங்கி வழிவிடுகிறார். பாடத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். சுருதி அவ்வளவு சேர்ந்திருக்கிறது. இதே பாட்டை அவர் ரோபர்ட்டா ஃப்ளாக்கோடு சேர்ந்து பாடிய 1971 ஸ்டுடியோ வடிவத்தை உடனே அடுத்துக் கேளுங்கள். அது அழகான பதிவு. ஆனால் நேரடி வடிவத்தைக் கேட்டபின் அதில் யாரோ ஆள் குறைகிறார்கள் என்று தோன்றும்.

சிகாகோவில் பிறந்து செயின்ட் லூயிஸில் வளர்ந்த ஹாத்தவே சிறு வயதிலேயே தேவாலயத்தில் பாடியவர். கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் ஒருவர் பாட, மற்றவர்கள் முடியும்வரை காத்திருப்பதில்லை; வரிக்கு வரி பதில் கொடுப்பார்கள். கச்சேரியில் முன்வரிசையிலிருந்து விழும் ‘பலே’, ‘சபாஷ்’ போலத்தான், இங்கே அது இன்னும் சத்தமாக, அறை முழுக்க. இரண்டு கிளப்புகளிலும் நடப்பது அந்தப் பழக்கம்தான். கேட்கும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள்: கூச்சல் வரும் இடங்களை மட்டும் காகிதத்தில் நேரத்தோடு குறியுங்கள். பாடகர் உச்சத்துக்குப் போகும் இடங்களில்தான் அவை குவியும் என்று நினைப்பீர்கள். பல கூச்சல்கள் அவர் தணிந்து பாடும் இடத்திலும், ஒரு வரியை முடிக்காமல் நிறுத்தும் இடத்திலும் விழுவதைக் காண்பீர்கள்.

பியானோவும் குரலும்

அவர் வாசிப்பது வுர்லிட்ஸர் மின்பியானோ. சுத்தியல் உள்ளே எஃகு நாக்குகளை அடிக்கும். மெல்லத் தொட்டால் மணிபோல் ஒலிக்கும், அழுத்தி அடித்தால் உறுமும். ஒரே கருவியில் இந்த இரண்டு குணத்தையும் அவர் எப்போது மாற்றுகிறார் என்று ‘த கெட்டோ’வில் தேடுங்கள். குரலுக்கு ‘வி ஆர் ஸ்டில் ஃப்ரெண்ட்ஸ்’ போதும். ‘ஜெலஸ் கை’ மூன்றே நிமிடம். லெனனின் மூலத்தை முதலில் கேட்டுவிட்டு வந்தால் கூடுதல் ருசி. ‘ஹே கேர்ள்’ பாட்டைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். காங்கா வாசிக்கும் டெரூவன் எழுதிய பாட்டு அது, தாண்டாதீர்கள்.

அடுத்து எதைப் போடுவது

கார்னெல் டுப்ரீயின் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு போவது நல்ல வழி. சாம் குக் 1963 ஜனவரியில் மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பாடியதில் அவர் இருக்கிறார். ரொம்பவும் முரட்டுத்தனமாக இருக்கிறதென்று ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் அதைப் பெட்டிக்குள் வைத்தது. 1985-ல்தான் வெளியே விட்டது. அரீதா ஃப்ராங்க்ளின் 1971 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்டில் பாடியதிலும் அவர்தான். மூன்றையும் ஒரே வாரத்தில் கேட்டால் ஒரே கிட்டார் மூன்று பாடகர்களுக்கு மூன்று விதமாக அடங்கிப் போவது தெரியும்.

அறையைப் பிடித்துக்கொண்டு போவதென்றால் கர்ட்டிஸ் மேஃபீல்டின் ‘கர்ட்டிஸ் லைவ்’. அதே பிட்டர் எண்ட், அதே 1971, ஜனவரி. ஹாத்தவே தட்டுக்கு வைத்த அதே சத்தத்தில் தொடங்குங்கள், ஏற்ற வேண்டாம். மேஃபீல்டின் குரல் சன்னமானது. ஒலியளவைக் கூட்டினால் மாஸ்டர் ஹென்றி கிப்சனின் காங்கா அதற்குமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.